பெரியப்பா ரோபோவா, சைபார்கா?

ராமேசுவரம் பக்கம் தங்கச்சிமடத்தில் ஒரு கல்யாணம். கோயிலை விட்டு மாப்பிள்ளையும் பெண்ணும் வெளியே வரும் நேரம், தலைக்கு மேல் வண்டு பறப்பது மாதிரி ஒரு இரைச்சல். வீடியோக்காரரின் ட்ரோன். அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்த அக்கா மகன் கேட்டான்: "மாமா, அது ரோபோவா?"

நான் வாயைத் திறப்பதற்குள் மூன்று பதில்கள் வந்துவிட்டன. தானாகப் பறக்கிறதே, ரோபோதான் என்றார் ஒருவர். ரோபோ என்றால் கை கால் இருக்க வேண்டும் என்றார் இன்னொருவர். ஏஐ இருந்தால்தான் ரோபோ என்றான் கல்லூரியில் படிக்கும் சித்தப்பா மகன். நாற்காலியில் சாய்ந்திருந்த பெரியப்பா சட்டையின் இடது பக்கத்தைத் தட்டிக் காட்டினார். முப்பது வருடம் விசைப்படகில் ஸ்ராங்காக, அதாவது படகை ஓட்டுபவராக, இருந்தவர். "அப்ப நான் யாருடா? என் நெஞ்சுக்குள்ளயும்தான் ஒரு மிஷின் ஓடுது." அவருக்குப் பேஸ்மேக்கர் வைத்து இரண்டு வருடம் ஆகிறது.

"நீங்க சைபார்க், பெரியப்பா. உடம்பும் மிஷினும் சேர்ந்த ஆளு" என்றேன். பந்தலே சிரித்தது. நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

சின்ன வயதில் தீப்பெட்டியையும் டார்ச் பல்பையும் ஒட்டி ரோபோ செய்கிறேன் என்று வீட்டைக் குப்பையாக்கியவன் நான். அந்தப் பைத்தியம் இன்னும் விடவில்லை. அதனால், அன்றைக்குப் பந்தியில் சொல்ல முடியாமல் போனதை இங்கே எழுதுகிறேன். ரோபோ, சைபார்க் என்ற இந்த இரண்டு சொற்களையும் நாம் எல்லாவற்றுக்கும் அள்ளித் தெளிக்கிறோம். ஆனால் இரண்டுக்கும் அடியில் இருப்பது ஒரே ஒரு யோசனைதான். அது பிடிபட்டால் மிச்சமெல்லாம் தானாக விளங்கிவிடும்.

கும்பிடும் பொம்மையும் திறக்கும் கதவும்

ஜவுளிக்கடை வாசலில் கைகூப்பி வரவேற்கும் பொம்மையைப் பார்த்திருப்பீர்கள். பட்டுப் புடவை, நகை, புன்னகை, எல்லாம் உண்டு. உள்ளே ஒரு மோட்டாரும் ஒரு கம்பியும். நீங்கள் வந்தாலும் கும்பிடும். ராத்திரி கடை பூட்டிய பிறகு சுவிட்சை அணைக்க மறந்துவிட்டால் காலி வாசலையும் விடியவிடியக் கும்பிடும்.

அதே கடையின் கண்ணாடிக் கதவைப் பாருங்கள். முகம் இல்லை, கை இல்லை. ஆள் வந்தால் மட்டும் விலகுகிறது, போனதும் மூடிக்கொள்கிறது. எது ரோபோவுக்குப் பக்கத்தில் இருக்கிறது என்று கேட்டால் பத்தில் ஒன்பது பேர் பொம்மையைக் காட்டுவார்கள். நான் கதவைக் காட்டுவேன். பொம்மைக்கு வெளியுலகம் என்று ஒன்று இருப்பதே தெரியாது. கதவுக்கு, ஏதோ கொஞ்சம், தெரியும்.

இன்னும் பெரிய உதாரணம் நம் கண்ணெதிரே கடலில் நிற்கிறது. 1914-இல் வந்த பழைய பாம்பன் ரயில் பாலத்தில், கப்பல் வந்தால் ஆட்கள் நின்று நெம்புகோலைச் சுற்றித்தான் நடுப்பகுதியைத் திறந்தார்கள். 2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட புதுப் பாலத்தில் 72.5 மீட்டர் நீளமுள்ள துண்டு மோட்டாரின் பலத்தில் 17 மீட்டர் வரை அப்படியே மேலே எழும்புகிறது. பார்க்க வரும் கூட்டத்தில் "ரோபோ பாலம்" என்று யாராவது சொல்லாமல் இருப்பதில்லை. ஆனால் ஆள் கட்டளை கொடுத்தால் ஏறுகிறது, கொடுத்தால் இறங்குகிறது. எவ்வளவு பெரிதானாலும் அது ஓர் இயந்திரம்.

பாம்பனில் அதைவிடச் சுவாரசியமான பொருள், யாரும் செல்ஃபி எடுக்காத ஒன்று: காற்றுமானி. 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி ரயிலோடு போன கதை நமக்குத் தெரியும். இந்தப் பாலத்தில் காற்றோடு விளையாட முடியாது. அதனால் காற்றின் வேகத்தை அளந்துகொண்டே இருக்க ஒரு கருவி வைத்து அதைச் சிக்னலோடு இணைத்தார்கள். குறிப்பிட்ட வேகத்தைக் காற்று தாண்டினால் சிக்னல் தானாகச் சிவப்புக்கு மாறும், ரயில் நிற்கும். யாரும் சொல்லத் தேவையில்லை.

இதில் மூன்று வேலைகள் நடக்கின்றன. காற்றை அளப்பது உணரி, அதாவது சென்சார். "அளவு தாண்டிவிட்டதா?" என்று பார்த்து முடிவெடுப்பது கட்டுப்படுத்தி. விளக்கை மாற்றுவது இயக்கி. ரோபோ என்று எதைச் சொன்னாலும் அதற்குள் இந்த மூவரும் இருப்பார்கள். உணர்வது, முடிவெடுப்பது, செய்வது.

இந்தச் சிக்னலைப் பொறியாளர்கள் ரோபோ என்று சொல்ல மாட்டார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அதற்கு ஒரே வேலைதான் தெரியும். வேறு வேலை கற்றுக்கொடுக்க முடியாது. அதனால் அது தானியங்கி. அந்த மூவரும் இருந்து, வேறு வேறு வேலைக்கு மாற்றி அமைக்கவும் முடிந்தால் ரோபோ என்று சொல்லத் தயங்க வேண்டியதில்லை. கோடு எங்கே என்பதில் நிபுணர்களுக்குள்ளேயே சண்டை உண்டு. நாம் அதில் தலையைக் கொடுக்க வேண்டாம்.

இதுவரை பார்த்தது: முகமும் கையும் ரோபோவுக்கு அடையாளம் இல்லை. வெளியே நடப்பதை உணர்ந்து, முடிவெடுத்து, செயல்படுகிறதா என்பதே கேள்வி.

சுக்கான் பிடிப்பவர்

இனிதான் முக்கியமான இடம். கொஞ்சம் நிதானமாகப் போவோம்.

பத்தாவது முடித்த விடுமுறையில் பெரியப்பா ஒருநாள் என் கையில் சுக்கானைக் கொடுத்தார். தூரத்தில் தெரிந்த கலங்கரை விளக்கத்தைக் காட்டி, "நேரா அதப் பாத்துப் போ" என்றார். படகு கொஞ்சம் இடப்பக்கம் விலகியது. வலப்பக்கம் திருப்பினேன். ஒன்றும் நடக்கவில்லை. இன்னும் திருப்பினேன். முகப்பு மெல்ல வந்தது, விளக்கத்துக்கு நேராக நின்றது, நிற்காமல் அதையும் தாண்டி வலப்பக்கம் போய்விட்டது. பதறி இடப்பக்கம் திருப்பினேன். பின்னால் திரும்பிப் பார்த்தால் நாங்கள் வந்த தடம் சாரைப்பாம்பு மாதிரி நெளிந்து கிடந்தது. பெரியப்பா சொன்னது இன்றும் நினைவிருக்கிறது: "படகு லேட்டாத்தான்டா கேக்கும். அது வந்து சேர்றதுக்கு முன்னாடியே நீ சுக்கானத் திருப்பிரணும்."

அவர் சொன்னதற்குப் பெயர் பின்னூட்டம். செய்த செயலின் விளைவைப் பார்த்து, அடுத்த செயலைத் திருத்திக்கொள்வது. சுக்கானைத் திருப்புகிறோம், முகப்பு எங்கே போகிறது என்று கண் பார்க்கிறது, கண் பார்த்ததை வைத்துக் கை மறுபடி திருத்துகிறது. கை, கடல், கண், மறுபடி கை. இது ஒரு வட்டம். வட்டம் மூடியிருக்கும்வரை காற்று மாறினாலும் நீரோட்டம் மாறினாலும் படகு வழிக்கு வந்துகொண்டே இருக்கும். பார்ப்பதற்கும் திருத்துவதற்கும் இடையே தாமதம் விழுந்தால் நான் ஓட்டிய மாதிரி நெளியும்.

1947-இல் அமெரிக்கக் கணித அறிஞர் நார்பெர்ட் வீனர், விலங்கிலும் இயந்திரத்திலும் இந்த வட்டம் ஒரே மாதிரிதான் வேலை செய்கிறது என்று காட்டும் ஒரு துறைக்குப் பெயர் வைக்க வேண்டியிருந்தது. அவர் தேர்ந்தெடுத்த கிரேக்கச் சொல் குபெர்னெட்டெஸ். பொருள், சுக்கான் பிடிப்பவர். அதிலிருந்து வந்ததுதான் சைபர்நெட்டிக்ஸ். கப்பலின் சுக்கானைத் திருப்பும் இயந்திரங்கள் பின்னூட்டத்தைப் பயன்படுத்திய மிகப் பழைய கருவிகளில் ஒன்று என்பதும் அந்தப் பெயருக்கு ஒரு காரணம் என்று அவரே எழுதினார். கவர்னர் என்ற சொல்லும் லத்தீன் வழியாக அதே வேரிலிருந்து வந்ததுதான். இதைப் பெரியப்பாவிடம் சொன்னபோது, "அப்ப எனக்குக் கவர்னர் பென்சன் கிடைக்குமா?" என்றார்.

சரி, கல்யாண வீட்டு ட்ரோனுக்கு வருவோம். அதை முன்னே போ, பின்னே போ என்று ஓட்டியவர் வீடியோக்காரர். அந்த அளவில் அது கையில் நூல் இல்லாத பட்டம். ஆனால் பூ தூவும் நேரத்தில் அவர் குச்சியிலிருந்து விரலை எடுத்துவிட்டார். கடற்காற்று அடித்துக்கொண்டிருந்தும் அது இருந்த இடத்திலேயே நின்றது. காற்று ஒரு பக்கம் சாய்க்கச் சாய்க்க, உள்ளிருக்கும் உணரிகள் சாய்வையும் இடம் விலகுவதையும் அளந்து, நான்கு விசிறிகளின் வேகத்தையும் நொடிக்குள் பலமுறை மாற்றி நிமிர்த்திக்கொண்டன. உள்ளே ஒரு குட்டி ஸ்ராங்கு. ஆகவே மருமகனுக்கு என் பதில்: அங்கே இங்கே போகும்போது பட்டம், அசையாமல் நிற்கும்போது ரோபோ. அவனுக்கு இது கொஞ்சமும் பிடிக்கவில்லை.

சித்தப்பா மகனுக்கும் ஒரு பதில் பாக்கி. கேட்டால் கட்டுரை எழுதித் தரும் ஏஐ மென்பொருள் முடிவெடுக்கும் பகுதி மட்டும்தான். அதற்கு உலகில் எதையும் நகர்த்தும் கை இல்லை. ரோபோவுக்குள் ஏஐ இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். இரண்டும் வேறு வேறு.

கட்டாய உழைப்பிலிருந்து வந்த சொல்

ரோபோ என்ற சொல் ஆய்வகத்தில் பிறக்கவில்லை, மேடையில் பிறந்தது. செக் எழுத்தாளர் காரெல் சாபெக் 1920-இல் எழுதிய நாடகத்தில்தான் அது முதலில் வந்தது. சொல்லைச் சொல்லித் தந்தவர் அவருடைய அண்ணன் யோசெப். செக் மொழியில் ரோபோட்டா என்றால் கட்டாய உழைப்பு, நம்மூர் பழைய வார்த்தையில் கூலியில்லா வெட்டி வேலை. வேடிக்கை என்னவென்றால், அந்த நாடகத்தின் ரோபோக்கள் இரும்பால் ஆனவையே அல்ல. செயற்கையாக உருவாக்கிய சதையும் தோலும் கொண்டவை. தகர டப்பா உருவமெல்லாம் பிறகு ஒட்டிக்கொண்டது.

நிஜத்தில் ஆலைக்குள் வேலைக்குச் சேர்ந்த முதல் ரோபோ 1961-இல், அமெரிக்காவின் நியூ ஜெர்சியில், ஜெனரல் மோட்டார்ஸ் ஆலையில். பெயர் யூனிமேட். முகம் கிடையாது, ஒற்றைக் கை மட்டும். அச்சிலிருந்து வரும் கொதிக்கும் உலோகத் துண்டுகளை எடுத்து அடுக்குவது அதன் வேலை. அதற்குக் கண்ணும் கிடையாது. ஆனால் தன் கை எந்த நிலையில் இருக்கிறது என்பது தெரியும். இருட்டில் எழுந்து அடுப்படிக்குப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வருகிறோமே, அந்த மாதிரி. வேறு வேலைக்கு வேறு அசைவுகளை அதன் நினைவில் பதிக்க முடிந்தது என்பதுதான் அன்றைய அதிசயம்.

சைபார்க்: எலியில் தொடங்கியது

1960-இல் மான்ஃப்ரெட் கிளைன்ஸ், நேதன் கிளைன் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் ஒரு கட்டுரை எழுதினார்கள். விண்வெளிக்கு மனிதன் போகப்போகிற காலம். அங்கே பூமியைப் போன்ற சூழலைச் சுமந்துபோவதை விட, அந்த இடத்துக்கு ஏற்ற மாதிரி மனித உடலையே மாற்றினால் என்ன என்பது அவர்களுடைய கேள்வி. மூச்சு, உப்பு, வெப்பம் என்று ஒவ்வொன்றையும் விண்வெளி வீரர் கவனித்துக்கொண்டே இருக்க முடியாது. உடலோடு இணைத்த கருவி அவருக்குத் தெரியாமலேயே பார்த்துக்கொள்ள வேண்டும். சைபர்நெட்டிக்ஸ் என்பதன் முன்பாதியையும், உயிரி என்று பொருள்படும் ஆர்கனிசம் என்பதன் முன்பாதியையும் ஒட்டி சைபார்க் என்றார்கள். அந்தக் கட்டுரையில் படத்தோடு வந்த சைபார்க் பயில்வான் அல்ல. தோலுக்கு அடியில் மருந்து பம்ப் வைத்த 220 கிராம் எலி.

ஆக சைபார்க் என்றால், உயிரும் கருவியும் சேர்ந்து ஒரே பின்னூட்ட வட்டமாக ஓடுவது. அந்த உயிர் நினைத்துப் பார்க்காமலே அது ஓட வேண்டும்.

இந்த "நினைத்துப் பார்க்காமலே" என்ற பகுதியைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். கண்ணாடி போட்டவன் சைபார்க், செல்போன் வைத்திருப்பவன் சைபார்க் என்றெல்லாம் பேசுவது கேட்க நன்றாக இருக்கும். பாம்பன் சின்னப்பாலம் பக்கம் மன்னார் வளைகுடாவில் பாசி எடுக்கப் போகும் பெண்களைப் பாருங்கள். கண்ணுக்கு நீர்க்கண்ணாடி, காலுக்குத் துடுப்பு மாதிரி கட்டிய தகடு, பாறை கிழிக்காமல் இருக்க விரலில் துணி. தண்ணீருக்குள் அவர்கள் வேறு ஒரு உயிரினமாகவே ஆகிவிடுகிறார்கள். ஆனாலும் தகடு எதையும் உணர்வதில்லை, முடிவெடுப்பதில்லை. மூச்சை அளந்து எப்போது மேலே வருவது என்று தீர்மானிப்பது முழுக்க அந்தப் பெண்ணின் உடம்பும் அனுபவமும்தான். தகடு கருவி. திறமை அவர்களுடையது.

நம் ராமேசுவரத்து அப்துல் கலாமும் அவருடைய குழுவும், ஏவுகணைக்காக உருவாக்கிய இலேசான பொருளைக் கொண்டு, போலியோ பாதித்த பிள்ளைகளுக்குக் காலில் கட்டும் தாங்கிகளைச் செய்தார்கள். கிலோக் கணக்கில் இழுத்துக்கொண்டு நடந்த எடை ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கானது. அந்தப் பிள்ளைகளின் வாழ்க்கையையே மாற்றியது. ஆனாலும் அது சைபார்க் இல்லை. சைபார்க் என்பது பாராட்டுப் பட்டமும் இல்லை. வட்டம் எங்கே மூடுகிறது என்பதைச் சொல்லும் சொல், அவ்வளவுதான்.

இதுவரை: ரோபோவில் அந்த வட்டம் முழுக்க இயந்திரத்துக்குள் ஓடுகிறது. சைபார்கில் அது உடம்புக்குள் நுழைந்து வெளியே வருகிறது.

பெரியப்பாவின் நெஞ்சுக்குள்

இதயம் துடிக்க அதற்குள்ளேயே ஒரு மின் தூண்டல் பிறக்கிறது. சிலருக்கு அது தாமதமாகிறது, அல்லது வழியில் நின்றுவிடுகிறது. பேஸ்மேக்கர் அங்கே என்ன செய்கிறது? "இதயத்தை ஓட்டுகிறது" என்று பலர் நினைக்கிறார்கள், மோட்டார் மாதிரி. அப்படி இல்லை.

ராத்திரித் தொழிலில் சுக்கானில் இருப்பவர் பக்கத்தில் இன்னொருவர் உட்கார்ந்திருப்பார். ஸ்ராங்கு பேசிக்கொண்டு வரும்வரை இவருக்கு வேலை இல்லை. பேச்சு நின்று கொஞ்ச நேரம் ஆகிவிட்டால் தோளில் ஒரு தட்டு. பேஸ்மேக்கர் அந்தப் பக்கத்து ஆள்.

இடது காறை எலும்புக்குக் கீழே, தோலுக்கு அடியில், டைட்டானியத்தால் ஆன சின்னப் பெட்டி. அதிலிருந்து ரத்தக்குழாய் வழியாக இதயத்துக்குள் மெல்லிய கம்பி. நிமிடத்துக்கு 60 துடிப்பு என்று அமைத்திருந்தால், ஒவ்வொரு துடிப்புக்குப் பிறகும் அது ஒரு நொடி காத்திருக்கிறது. அதற்குள் இதயம் தானாகத் துடித்துவிட்டால் கம்பி அதை உணர்ந்து, பெட்டி சும்மா இருந்துவிடும். அடுத்த நொடியை முதலிலிருந்து எண்ணும். துடிக்காவிட்டால் மட்டும் ஒரு சிறு மின்தட்டு. உணர்வதும் தட்டுவதும் ஒரே கம்பி. சில பெட்டிகளில் உடல் அசைவை அளக்கும் உணரியும் உண்டு. மணலில் ஏறி நடந்தால் காத்திருக்கும் நேரத்தைக் குறைத்துக்கொள்ளும். இதில் எதையும் பெரியப்பா நினைப்பதில்லை. கிளைன்ஸும் கிளைனும் கேட்டது இதைத்தான்.

உடலுக்குள் பொருத்திய முதல் பேஸ்மேக்கர் 1958-இல் சுவீடனில், ஆர்னே லார்சன் என்பவருக்கு வைக்கப்பட்டது. சைபார்க் என்ற சொல் பிறப்பதற்கு இரண்டு வருடம் முன்பே. முதல் பெட்டி சில மணி நேரம்தான் ஓடியது. பிறகு மாற்றி மாற்றி, மொத்தம் 26 பெட்டிகள். அவர் 2001-இல், 86 வயதில் இறந்தார். அந்தப் பெட்டியை வடிவமைத்தவரையும் அறுவை செய்த மருத்துவரையும் விட அதிக நாள் இருந்துவிட்டு.

சங்குக்குள் கம்பி

உள்காதில் கேட்கும் உறுப்புக்கு காக்ளியா என்று பெயர். லத்தீனில் நத்தை. வடிவத்தைப் பார்த்தால் நம் கரைக்காரர்கள் குட்டிச் சங்கு என்றுதான் சொல்வார்கள். அதன் சுருளுக்குள் ஆயிரக்கணக்கான நுண்ணிய உணர்செல்கள் ஒலியை நரம்புக்கான மின்குறிப்பாக மாற்றுகின்றன. அவை பழுதாகிப் பிறக்கும் குழந்தைக்குச் சாதாரணக் காதுக்கருவியால் பெரிய பயன் இருக்காது. அது ஒலியைப் பெரிதாக்கும், ஆனால் வாங்கிக்கொள்ள உள்ளே யாரும் இல்லை.

காக்ளியர் இம்ப்ளான்ட் அந்த இடத்தைத் தாண்டிப் போகிறது. காதுக்குப் பின்னால் இருக்கும் கருவி ஒலியை வாங்கி, கனத்த ஒலி, கீச்சொலி என்று பிரித்து, தோலைத் தாண்டி உள்ளே அனுப்புகிறது. சங்குக்குள் செருகிய மெல்லிய இழையில் அதிகம் போனால் இருபது சொச்சம் மின்முனைகள். அவை நேரடியாக நரம்பைத் தூண்டுகின்றன. ஆயிரக்கணக்கானவர்களின் வேலையை இருபது பேர் பார்ப்பதால், முதலில் கேட்பது பேச்சு மாதிரியே இருக்காது. மாதக்கணக்கான பயிற்சியில் குழந்தையின் மூளைதான் அதைப் பேச்சாகப் பழகிக்கொள்கிறது. தமிழ்நாட்டில் முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சிறு குழந்தைகளுக்கு இது செய்யப்படுகிறது. சைபார்க் என்றால் ஹாலிவுட்டைத் தேட வேண்டாம். அங்கன்வாடியில் உட்கார்ந்து அம்மா இங்கே வா வா பாடிக்கொண்டிருக்கலாம்.

சினிமாக்காரர்கள் குழப்பியது

எந்திரன் படத்துச் சிட்டி ரோபோ. மனித உருவம் கொண்ட ரோபோ. இதில் குழப்பம் இல்லை. குழப்பம் இங்கிலீஷ் படங்களில். 1984-இல் வந்த டெர்மினேட்டர் படத்தில் அந்தக் கொலை இயந்திரத்தைச் சைபார்க் என்கிறார்கள்: உள்ளே உலோகம், மேலே உயிருள்ள தசை. ஆனால் தசை எரிந்து போன பிறகும் அந்த உலோகம் நடந்து வருகிறதே! வட்டம் முழுக்க உலோகத்துக்குள்தான். என் கணக்கில் அது தோல் போர்த்திய ரோபோ. 1987-இல் வந்த ரோபோகாப் இதற்கு நேர்மாறு. பெயரிலேயே ரோபோ, உள்ளே இருப்பதோ ஒரு போலீஸ்காரரின் மூளை. அவர்தான் சைபார்க். இரண்டு பெயர்ப்பலகையையும் மாற்றி மாட்டிவிட்டார்கள்.

போன மாதம் பெரியப்பாவைப் பேஸ்மேக்கர் பரிசோதனைக்கு மதுரைக்குக் கூட்டிப்போனேன். செல்போனைச் சட்டையின் இடது பையில் வைக்கக் கூடாது என்று சொன்னதிலிருந்து, அதை வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டு திரிகிறார். டெக்னீஷியன் அவர் நெஞ்சுக்கு மேல் ஒரு கருவியை வைத்தார். பெட்டிக்குள் பதிவாகியிருந்ததெல்லாம் திரையில் வந்தது. இத்தனை மாதத் துடிப்புகளில் நூற்றுக்கு நாற்பது கருவி கொடுத்தது என்றார்.

பெரியப்பா கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப மிச்ச அறுவது நம்ம சொந்த ஓட்டந்தான?" என்று கேட்டுவிட்டு, சட்டைப் பொத்தானைப் போட ஆரம்பித்தார்.